மஞ்சள் பைக்குள் காக்கிச் சட்டை

நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது அப்பா பொள்ளாச்சி ரூட்டில் தனியார் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். காக்கிச் சட்டை போட்டவர்களிலேயே அவர்தான் பெரிய ஆள் என்று வகுப்பில் அளந்துவிட்டிருந்தேன். அந்தச் சட்டையை ஒளித்துவைக்கிற வேலை ஒருநாள் என் தலையிலேயே விழும் என்று யார் கண்டது.

அன்று மாட்டுச் சந்தை. முன்னால் போன டெம்போவிலிருந்து ஒரு கன்று ரோட்டில் குதித்துவிட்டதாம். அதன் மேல் ஏறாமல் அப்பா இடதுபக்கம் ஒடித்ததில் பஸ் புளியமரத்தில் மோதிவிட்டது. கண்டக்டர் போன் செய்ததும் அம்மா பள்ளிக்கூடத்துக்கு வந்து என்னையும் இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

அடிபட்டவர்கள் எல்லோரையும் ஒரே நீள அறையில் படுக்க வைத்திருந்தார்கள். அப்பாவின் வலது காலில் அட்டை வைத்துக் கட்டியிருந்தது. எங்களைப் பார்த்ததும், “யாரு உசுருக்கும் ஒண்ணுமில்லயே?” என்றார்.

“இல்லீங்க, எல்லாரும் இருக்காங்க” என்ற அம்மா, சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு அவர் சட்டையைக் கழற்றி ஒரு மஞ்சள் பைக்குள் திணித்து என் மடியில் வைத்தாள். பஸ் மோதினால் டிரைவர் முதலில் ஓடிவிட வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அடியைக் கொடுத்துவிட்டுத்தான் தப்பு யார் மேல் என்று பார்ப்பார்கள். அப்பாவுக்கு ஓடக் கால் இல்லை.

“ஆரு கேட்டாலும் அப்பா பஸ்ஸுல வந்தாருன்னு சொல்லோணும் கண்ணு” என்றாள் அம்மா. யோசித்துப் பார்த்தால் அது பொய்கூட இல்லை.

அடுத்த கட்டிலில் மணிக்கட்டு வீங்கி, புருவத்தில் தையல் போட்ட ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். “ஏனம்மணி, சாப்புட்டியா?” என்று கேட்டார். “எங்கப்பா பஸ்ஸுல வந்தாருங்க” என்றேன் நான். அவர் என்னைப் பார்த்தார், பையைப் பார்த்தார். வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த காக்கிக் காலரை நல்ல கையால் உள்ளே தள்ளிவிட்டார்.

அந்த நேரம் பார்த்து ஓர் ஆள் உள்ளே வந்தான். அவனுடைய அம்மாவுக்கு முன்கம்பியில் இடித்துப் பல் போய்விட்டதாம். டிரைவர் எங்கே என்று ஒவ்வொரு கட்டிலாகக் கேட்டுக்கொண்டு எங்களிடமும் வந்து நின்றான். நான் பையின் மேல் கவிழ்ந்துகொண்டேன்.

புருவத்தில் தையல் போட்ட அம்மாதான் பதில் சொன்னார். “அந்தாளு அப்பவே ஓடிட்டாருன்னு பேசிக்கிட்டாங்க தம்பி. நீங்க போயி மொதல்ல உங்கம்மாளப் பாருங்க.”

அவன் திட்டிக்கொண்டே வெளியே போனான். அவர் எங்கள் அம்மாவின் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார்.

“படிக்கிட்ட மொத சீட்டுல நாந்தானுங்க இருந்தேன். மரம் எனக்கு நேராத்தான் வந்துச்சு. இவருதான் இன்னுங் கொஞ்சம் ஒடிச்சு அதத் தன்ற பக்கம் வாங்கிக்கிட்டாரு.”

அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத அம்மா, அவருடைய நல்ல கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆக, அப்பா ஸ்டியரிங்கைத் தப்பாகத் திருப்பிவிட்டார். பேசாமல் நேராக விட்டிருந்தால் அவர் காலுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அதை இந்த அம்மா கண்ணால் பார்த்தும் இருக்கிறார். இவர் வெளியே சொல்லிவிடக் கூடாதே என்று பையை இறுக்கிக்கொண்டு மாசாணியம்மனை வேண்டினேன்.

சில மாதங்கள் கழித்து அப்பா கட்டையை ஊன்றி நடக்க ஆரம்பித்தார். அப்போதும் அதைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. தான் செய்த தப்பு தெரிந்தால் மனசு உடைந்துபோவார் என்று பயந்தேன்.