பட்டியலில் இருக்கும் அக்கா

எங்கள் அலுவலகக் கணினியில் ஒரு சின்னப் பட்டியல் உண்டு. வீட்டு வரைபடங்களைப் பிடிஎப் ஆக்கும்போது அது திறக்கும். தாளின் அளவு, கோப்பின் பெயர் எல்லாம் எப்படி வர வேண்டும் என்று முன்பே சொல்லிச் சேமித்து வைத்தவை அதில் வரிவரியாக இருக்கும். அதில் ஒரு வரியில் ஆங்கில எழுத்தில் ‘அக்கா’ என்று இருக்கிறது. இத்தனை வருடமாக நான் அதைத்தான் தொட்டு வந்திருக்கிறேன். அதைத் தொடாமல் இந்த அறையிலிருந்து ஒரு தாள்கூட வெளியே போனதில்லை. அந்தப் பெயரை வைத்தவள் என் ஓரகத்தி, என் கொழுந்தனின் மனைவி. அவள் இந்த வீட்டை விட்டுப் போய்ச் சில வருடங்கள் ஆகிவிட்டன. பெயர் மட்டும் போகவில்லை.

அலுவலகம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டின் முன்னறைதான். இந்தப் பக்கம் பட்டுச் சேலைக் கடை, அந்தப் பக்கம் ஜரிகை விற்கும் பாயின் கடை, நடுவில் நாங்கள். சேலை எடுக்க வரும் வெளியூர்க்காரர்கள் பலர் தவறி எங்கள் அறைக்குள் நுழைந்து, சுவரில் ஒட்டியிருக்கும் வீட்டுப் படங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார்கள். என் வீட்டுக்காரர் வீடு கட்டுகிறவர்களுக்கு வரைபடம் போட்டு அனுமதி வாங்கித் தருகிறவர். நான் ஏனாத்தூர் பக்கம் பிறந்தவள். எங்கள் நிலத்தை ஒட்டிய சாலையில் கல்லூரிப் பேருந்துகள் போகும். ஜன்னலோரம் உட்கார்ந்து வரும் பெண்களைக் களை பறித்தபடியே பார்ப்பேன். அவர்களில் ஒருத்திகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. பத்தாவதோடு நின்றவள் நான். பேச்சும் அவ்வளவாக வராது. கடைக்குப் போனால் எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் வாங்கிக்கொண்டு போன பிறகுதான் கேட்பேன்.

அப்படிப்பட்ட எனக்கு அந்த முன்னறையில் ஒரு வேலை இருந்தது. ஒரு வீட்டின் வரைபடம் ஒரே கோப்பாக இருந்தாலும் அதற்குள் பல பக்கங்கள் இருக்கும். மனையின் படம், தரைத்தளம், மாடி, முகப்பு, குறுக்குவெட்டு என்று. அனுமதிக்கு அனுப்பும்போது ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனிப் பிடிஎப்பாக அனுப்ப வேண்டும். என் வீட்டுக்காரர் படத்தை முடித்துவிட்டு எழுந்துகொள்வார். நான் உட்கார்ந்து பக்கம் பக்கமாகத் திறப்பேன். தாளின் அளவைச் சொல்லி, படுக்கைவாட்டமா நெடுக்குவாட்டமா என்று சொல்லி, வீட்டுச் சொந்தக்காரர் பெயரையும் பக்கத்தின் பெயரையும் தட்டி, சேமித்து, அடுத்ததற்குப் போவேன். காலையில் ஆரம்பித்தால் சோறு வடிக்கிற நேரம் வந்துவிடும். “நம்ம ஆபீஸ்ல கடைசிக் கை உன்னுதுதான்” என்று அவர் ஒருமுறை சொன்னார். விளையாட்டாகச் சொன்னாரோ என்னவோ, அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் ரொம்ப நாள் ஓட்டினேன்.

பிறகு கொழுந்தனுக்குக் கல்யாணம் ஆனது. பெண் செங்கல்பட்டுப் பக்கம். கட்டட வேலைக்கான டிப்ளமோ படித்தவள். வந்த புதிதில் ஒரு நாள் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். “அக்கா, ஒண்ணொண்ணாவா போடறீங்க?” என்றாள். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குக் கோபித்துக்கொள்ள ஒரு காரணம் கிடைத்திருக்கும். நிஜமாகவே என் கை வலிக்குமே என்று கேட்கிற குரல் அது. மறுநாள் உட்கார்ந்தாள். ஏதேதோ திறந்தாள், எல்லாப் பக்கங்களையும் ஒரு வரிசையில் சேர்த்தாள், ஒரு பொத்தானை அழுத்திவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள். கோப்புகள் தாமாக ஒன்றன் பின் ஒன்றாக வந்து விழுந்தன, மழை ஆரம்பிக்கும்போது முற்றத்தில் விழும் பெரிய சொட்டுகள் மாதிரி. நான் அடுப்பில் அரிசி போட்டிருந்தேன். அது கொதிக்கும் முன்பே என் வேலை முடிந்துவிட்டது.

என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று, “இத்தினி வருசமா இது தெரியாமப் போச்சே” என்றார். திரையைப் பார்த்துத்தான் சொன்னார். என் முதுகில்தான் விழுந்தது. கொழுந்தனும் வாசலிலிருந்து, “என்னா அண்ணி, உங்க டிபார்ட்மெண்ட்டையே கலைச்சிட்டாளா?” என்று கேட்டுவிட்டு ஷூவைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அதற்குப் பிறகு அந்த அறையில் இரண்டு பேர் வேலை செய்தார்கள், நான் தேநீர் கொண்டுபோனேன். லேயர், ஸ்கேல், பிளாக் என்று அவர்கள் பேசிக்கொண்டிருப்பார்கள். நான் உள்ளே போனதும் அவள் எனக்காகத் தமிழுக்கு மாறி, “இந்தப் படிக்கட்டத்தான் எங்க வைக்கிறதுன்னு பார்த்துக்கினு இருக்கோம்க்கா” என்பாள். அதற்கு எனக்குப் புரியாதபடியே பேசிக்கொண்டிருந்திருக்கலாம். அவள் உண்டானபோது இடுப்பு வலிக்கிறது என்றாள். என் வீட்டுக்காரர் சக்கரம் வைத்த தன் ஆபீஸ் நாற்காலியை அவள் பக்கம் தள்ளிவிட்டுத் தான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் இரண்டு பிள்ளைகளைச் சுமந்தபோதும் அதே அறையில் அதே மாதிரி உட்கார்ந்துதான் வேலை செய்தேன். அப்போது இருந்தது இந்தப் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றுதான் என்பது உண்மை. ஆனாலும் அவர் அந்தச் சக்கரங்களைத் தள்ளிய சத்தம் எனக்கு இன்றைக்கும் காதில் இருக்கிறது. அவர்களைத் தவறாக நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. எனக்கு வேண்டியிருந்தது அந்த இடம். வரைந்து முடித்துவிட்டு ஒருவர் எழுந்துகொள்ள, மிச்சத்தை முடிக்க உட்காருகிற இடம்.

வளைகாப்பு முடிந்து அவள் தாய்வீட்டுக்குப் போனாள். கை நிறையக் கண்ணாடி வளையலோடு ஆட்டோவில் ஏறியவள், “அக்கா, கம்ப்யூட்டர பார்த்துக்குங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள். என் கணினியை என்னிடமே ஒப்படைத்துவிட்டுப் போகிறாள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆட்டோ முனை திரும்பியதும் உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். பழையபடி ஒவ்வொன்றாகப் போட எனக்கு மனம் வரவில்லை. அவள் செய்ததை அவள் செய்த வேகத்திலேயே நானும் செய்ய வேண்டும், அதை அவர் பார்க்க வேண்டும். அதுதான் என் ஆசை. அவள் அழுத்துவதைத் தேநீர்த் தட்டோடு நின்று பலமுறை பார்த்திருந்தேன்.

அந்தச் சமயத்தில் பிள்ளையார்பாளையத்தில் தறி வைத்திருக்கும் அண்ணன் தம்பி இருவருக்கு வேலை நடந்துகொண்டிருந்தது. அப்பா கட்டிய வீட்டை இரண்டாகப் பிரித்து, நடுவில் சுவர் எழுப்பி, ஆளுக்கொரு பாதியை மாற்றிக் கட்ட வேண்டும். பிரிப்பதற்குள் அவர்களுக்குள் நிறையப் பேச்சு வந்து, பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, ஒரு வழியாக முடிந்திருந்தது. அண்ணனுக்கு ஒரு படம், தம்பிக்கு ஒரு படம். இரண்டிலும் பக்கங்களின் பெயர்கள் ஒன்றே. நான் அண்ணன் படத்தைத் திறந்து பொத்தானை அழுத்தினேன். சொட்டுச் சொட்டாக விழுந்தன. பிறகு தம்பியுடையதையும் திறந்து அழுத்தினேன். அவையும் விழுந்தன. அண்ணனுடைய தரைத்தளத்தின் மேல் தம்பியின் தரைத்தளம், அண்ணனுடைய மாடியின் மேல் தம்பியின் மாடி என்று, பெயர் ஒன்றாக இருந்ததால் பழையதை அழித்துவிட்டு விழுந்தன. எனக்கு அது தெரியவில்லை. விழுந்த வேகத்தைப் பார்த்து மகிழ்ந்துபோய், அங்கே இருந்ததை எடுத்து இருவருக்கும் வாட்ஸப்பில் அனுப்பிவிட்டேன்.

மறுநாள் காலை அண்ணன்காரர் வந்துவிட்டார். சைக்கிளை வாசலில் சாய்த்த சத்தமே சரியாக இல்லை. போனை என் வீட்டுக்காரர் முகத்துக்கு நேராக நீட்டினார். “இன்னும் நடுச்செவுரு கூட எழும்பல. அதுக்குள்ள என் வூட்டு பிளான்ல என் தம்பி பேரு எப்டி வந்துச்சி? அவன் வந்து உங்ககிட்ட பேசிட்டுப் போனானா?” என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. எத்தனையோ பேர் உட்கார்ந்து பேசி முடித்ததை நான் ஒரு பொத்தானில் மறுபடி திறந்துவிட்டேன். பக்கத்துக் கடைப் பாய் எட்டிப் பார்த்து, அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

என் வீட்டுக்காரர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. என்ன செய்தாய் என்று கேட்டிருந்தால், திக்கித் திணறியாவது சொல்லியிருப்பேன். அவர் என்னைத் தாண்டிப் போய் மேசைமேல் இருந்த போனை எடுத்து, செங்கல்பட்டுக்குப் போட்டார். நிறைமாதத்தில் படுத்துக்கொண்டிருந்தவளை எழுப்பிக் கேட்டார். போன் ஸ்பீக்கரில் இருந்தது. அவள் முழுவதையும் கேட்டுவிட்டு, “அக்கா பண்ணது சரிதான் மாமா. ஃபைல் பேருக்கு முன்னாடி வூட்டுக்காரங்க பேரு சேர்ந்து வராத மாதிரி நான்தான் வச்சிட்டு வந்துட்டேன். அக்காவ ஒண்ணும் சொல்லாதீங்க” என்றாள். பிறகு என்னிடம், “பட்டியல்ல கடைசியா அக்கான்னு ஒண்ணு இருக்கும் பாருங்க. அதத் தொட்டுட்டுப் போடுங்க. அதுல எல்லாமே சரியா இருக்குது” என்றாள். பார்த்தேன். இருந்தது. தொட்டேன். அண்ணன் பெயரோடு அண்ணன் வீடும் தம்பி பெயரோடு தம்பி வீடும் தனித்தனியாக வந்து விழுந்தன. தாளில் அச்சடித்துக் கையில் கொடுத்ததும் அண்ணன்காரர் தன் பெயரை விரலால் தடவிப் பார்த்தார். போகும்போது என்னிடம், “பார்த்து போடும்மா. நாங்க சண்டை போட வேற காரணமே இல்லாம உட்கார்ந்துக்கினு இருக்கோம்” என்றார். அறையே சிரித்தது. எனக்கு அவள் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டதுதான் உறுத்திக்கொண்டிருந்தது. அது உண்மையா, என்னைக் காப்பாற்றச் சொன்னதா என்று இன்றுவரை தெரியாது. எதுவாக இருந்தாலும் அதிலும் அவள் ஒரு படி மேலே நின்றாள்.

அன்றிலிருந்து அந்த வரி என்னோடு இருக்கிறது. தான் இல்லாதபோது நான் தடுமாறுவேன் என்று முன்கூட்டியே தெரிந்து, குழந்தைக்கு எட்டுகிற உயரத்தில் பண்டத்தை வைப்பதுபோல் எனக்கென்று ஒன்றைச் செய்து, என் பெயரையும் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள் என்று நினைத்தேன். எனக்குப் பெயர் வைக்க இவள் யார் என்று கோபம் வரும். அதே நேரத்தில், வீட்டில் யாரும் இல்லாதபோது அந்தப் பட்டியலைத் திறந்து சும்மா பார்த்துக்கொண்டும் இருந்திருக்கிறேன். ரேஷன் அட்டையைத் தவிர வேறு எதிலும் நான் இருந்ததில்லை. இங்கே, ஒரு இயந்திரத்துக்குள், நான் இருந்தேன். அவள் குழந்தையோடு திரும்பி வரவில்லை. கொழுந்தனின் கம்பெனி ஒரகடம் பக்கம், அங்கேயே வீடு பார்த்துக்கொண்டார்கள். அவளும் பெரிய கட்டடக்காரர் ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். ஏதாவது சிக்கல் வந்தால் என் வீட்டுக்காரர் இன்றும், “அவ இருந்திருந்தா ஒரு நிமிசத்துல முடிச்சிருப்பா” என்பார். புதுக் கணினி வாங்கியபோது மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அந்தப் பட்டியல் வந்திருக்கிறதா என்றுதான் நான் முதலில் பார்த்தேன்.

இந்த வருடம் அவளுடைய தம்பிக்குக் கல்யாணம். பட்டு எடுக்கத் தன் கூடப்பிறந்த அக்காவை அழைத்துக்கொண்டு வந்தாள். கடைக்குப் போகும் முன் வீட்டுக்கு வந்தார்கள். என் வீட்டுக்காரர் சக்கரம் வைத்த நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார். அதே சத்தம். நான் காபி போட்டு எடுத்துக்கொண்டு வரும்போது அவள் கணினியில் எதையோ திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று சிரித்து, “அக்கா” என்று கூப்பிட்டாள். நான் தட்டோடு ஒரு அடி முன்னால் வைத்துவிட்டேன்.

“வா, வந்து பாரு. உன் பேரு இன்னும் இங்க இருக்குது.”

என்னை அவள் ஒரு நாளும் வா, போ என்று பேசியதில்லை. சோபாவில் இருந்த அவளுடைய அக்கா எழுந்துபோய்க் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்து, “அடிப்பாவி, சம்பளம் இல்லாம என்னை இங்க வேலை வாங்கிக்கினா இருக்கிற?” என்றாள். அவளுக்கு இந்த வேலையெல்லாம் முதன்முதலில் சொல்லிக்கொடுத்தது அந்த அக்காதானாம். அந்த ஞாபகத்துக்காக வைத்த பெயராம். வைத்தது அவளுக்கே மறந்துபோயிருந்தது. இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் எடுத்து வைத்த அந்த ஒரு அடியை யாரும் பார்க்கவில்லை. காபியைக் கொடுத்தேன். சர்க்கரை போதுமா என்று கேட்டேன்.

அவர்கள் போன பிறகு என் வீட்டுக்காரரிடம், அது அவங்க அக்கா பேரா என்று கேட்டேன். “ஆமா. அவ வந்த புதுசுலயே சொன்னாளே. உனக்குத் தெரியாதா?” என்றார்.

இரண்டே முறை பார்த்திருக்கிற அந்தப் பெண்மேல் இப்போது எனக்குப் பொறாமை. நான் வெறுத்துக்கொண்டே வைத்திருந்ததை, எனக்குச் சொந்தமே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பெயரை மாற்ற எனக்குத் தெரியும். மாற்றினால் அவர் ஏன் என்று கேட்பார். அதற்குச் சொல்ல என்னிடம் வாய் இல்லை. போன வாரம் யாரும் இல்லாதபோது அந்த வரிக்குக் கீழே நானே ஒன்றைப் புதிதாகச் செய்தேன். தாள், அளவு, வீட்டுச் சொந்தக்காரர் பெயர் எல்லாம் சரியாக வருகிறது. மூன்று வீடுகளைப் போட்டுப் பார்த்துவிட்டேன். பெயர் என்ன என்று கேட்டு ஒரு கட்டம் திறந்தது. அதில் விட்டு விட்டுத் துடிக்கிற கோட்டைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு இயந்திரமே வைத்த பெயரோடு விட்டுவிட்டேன்.

இன்று காலையும் பட்டியலைத் திறந்தேன். அக்கா இருந்தாள். அவளுக்குக் கீழே ‘செட்டப் ஒன்று’ இருந்தது. அடுக்களையில் அரிசி கொதிக்க ஆரம்பிக்கவில்லை. நான் கீழே இருப்பதைத் தொட்டேன்.