சீட்டுக்கு ஒரு கையெழுத்து

எழுபதுகளில் ஷார்ஜா கட்டட சைட்டில் நான் ஸ்டோர்கீப்பர். அங்கே ஒரு ஜப்பான் இன்ஜினியர் தொப்பியைக் கழற்றிக் குனிந்து வணங்கிவிட்டுத்தான் சிமெண்ட் கேட்பார். வணக்கம் பலமாக இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். போதாததற்கு, சரக்கு வாங்க அவர் தரும் சீட்டுக்குச் சீட்டு வேறு கையெழுத்து. நாளைக்கு ‘நான் போட்டதில்லை’ என்றால் என் வேலை போகும்.

ஒருநாள் மூன்று சீட்டுகளை மேசையில் பரப்பினேன்.

“இதுல எது சார் உங்க பேரு?”

“மூணுமே ஹிரோஷிதான்,” என்றார் அரைகுறை இங்கிலீஷில். “எங்க பாஷையில ஒரே பேரைப் பல எழுத்துல எழுதலாம், எழுத்து மாறினா அர்த்தம் மாறும். இது கடல். இது தாராளம். இது விசாலம். நான் வயித்துல இருந்தப்ப அப்பா யுத்தத்துக்குப் போனார். ஓடுற ரயில்ல இருந்து பேரை மட்டும் கத்திச் சொன்னார். திரும்பி வரல. அம்மா ஏதோ ஒரு எழுத்தைப் பதிஞ்சாங்க. அவர் நினைச்சது எதுன்னு தெரியல. அதான் ஒவ்வொண்ணா போட்டுப் பாக்கறேன்.”

நான் நம்பவில்லை. மறுநாள் சீட்டில் நான்காவதாக ஓர் எழுத்து இருந்தது.

அர்த்தம் கேட்காமல் சிமெண்டைக் கொடுத்தேன்.