அனலைதீவில் விசாரிக்கப் போனேன்

பிள்ளைகளே, சென்ற சனிக்கிழமை காலை ஊர்காவற்துறை இறங்குதுறையில் அனலைதீவு வள்ளம் ஏறினேன். அங்கே எனக்குச் சொந்தக்காரர் எவரும் இல்லை.

என் மகள் ஆரணி யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழகம் போகிறாள். துருக்கியில் இருக்கும் இஸ்தான்புல் நகரில் கோடையில் இரண்டு மாதம் வந்து படிக்கும்படி அவளுக்கு அழைப்பு வந்திருந்தது. பேரரசர்கள் இருந்து ஆண்ட பழைய நகரம் அது, அங்கே படகு ஏறினால் ஐரோப்பாவிலிருந்து ஆசியாவுக்குப் போய்விடலாம் என்றாள். பயணச் செலவும் தங்குமிடமும் அவர்களே கொடுக்கிறார்களாம். அதுதான் எனக்கு இடித்தது. முன்பின் தெரியாத பிள்ளைக்கு யார் சும்மா கொடுப்பார்கள்? அந்தச் சனிக்கிழமை இரவுக்குள் பதில் அனுப்ப வேண்டும்.

அனலைதீவுப் பிள்ளை தர்ஷிகா போன வருடம் அதே படிப்புக்குப் போய் வந்தவள் என்று கேள்விப்பட்டேன். எங்கள் தீவுகளில் ஒரு வீட்டைப் பற்றி அறிய நேரே அந்த வீட்டுக்குப் போவதில்லை. வந்த காரணத்தைச் சொல்லாமல் அக்கம்பக்கத்தில் விசாரிப்போம். கலியாணத்துக்கும் அப்படித்தான்.

வள்ளத்தில் என் பக்கத்தில் பாண் பையோடு ஒரு அம்மா இருந்தார். தர்ஷிகா எப்படிப்பட்ட பிள்ளை, வெளிநாட்டில் யாரோடு தங்கினாள் என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் என் ஊரையும் பிள்ளைகளையும் விசாரித்தார். புளியங்கூடல், கனடாவில் ஒரு மகன், வீட்டில் ஒரு மகள் என்றேன். இறங்கியதும் போனைக் காதில் வைத்தபடி விறுவிறென்று நடந்துவிட்டார்.

சந்திக் கடையிலும் கேட்டேன். கடைக்காரர் சோடாவைத் திறந்து தந்தார், வாயைத் திறக்கவில்லை. எல்லாரும் எதையோ மறைக்கிறார்கள் என்று முடிவுகட்டினேன்.

வேறு வழியில்லாமல் தர்ஷிகாவின் வீட்டுக்கே போனால், முற்றம் கூட்டித் தண்ணீர் தெளித்திருந்தது. தட்டில் பயத்தம் பணியாரம். வள்ளத்து அம்மா குசினி வாசலில் நின்றார். அவர் தர்ஷிகாவின் மாமியாம். தர்ஷிகா கதிரையை இழுத்துப் போட்டு என் முன்னால் இருந்தாள்.

“ஐயா, மகனுக்கு என்னைப் பாக்க வந்தனீங்கள் எண்டு மாமி சொன்னவா. எனக்கு இப்ப கலியாணம் வேண்டாம். பணியாரத்தைச் சாப்பிட்டிட்டுப் போங்கோ.”

அதற்கில்லை என்று பதறி மகளின் விஷயத்தைச் சொன்னேன்.

“அதை வள்ளத்திலயே சொல்லியிருக்கலாமே அண்ணை,” என்றார் மாமி. “நான் ஓடிவந்து முத்தம் கூட்டி நாரி முறிஞ்சு போச்சு,” என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

தர்ஷிகா சிரித்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். படிப்பு உண்மையானதுதான். பெண்கள் விடுதியில் ஒரு சிரியாப் பிள்ளையும் ஒரு பிரேசில் பிள்ளையும் அவளோடு ஒரே அறை. காலையில் வகுப்பு, பின்னேரம் ஆசிரியையோடு பழைய கோட்டை மதிலோரம் நடை. பால் விடாத தேத்தண்ணீர்தான் எங்கும். நான் அதோடு விடவில்லை. ஒரு கரைச்சலும் வரவில்லையா என்று திரும்பவும் கேட்டேன்.

“அங்க ஒண்டும் இல்லை ஐயா. இஞ்ச வந்தாப் பிறகுதான். ஆரோட தங்கினவள், என்ன செய்தவள் எண்டு ஊரெல்லாம் கேள்வி. இண்டைக்கு நீங்களும் கேட்டனீங்கள்.”

ஒரு பணியாரத்தை எடுத்துக் கடித்தேன்.

பின்னேர வள்ளம் சனத்தால் நிறைந்திருந்தது. எஞ்சின் சத்தத்துக்கு மேலால் ஆரணியோடு போனில் கத்திப் பேசினேன்.

“பிள்ளை, இஸ்தான்புல்லுக்குப் படிக்க வாறன் எண்டு எழுதிவிடு. ஓம், அப்பாதான் சொல்லுறன்.”

வள்ளத்திலிருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். அந்தத் தூர நகரத்தைப் பற்றி எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு. ஆனால் அந்த முகங்களைப் பார்த்தபோது எங்கள் ஊரைப் பற்றித்தான் கூடுதலாகப் பயந்தேன். கரைக்கு வருமுன்பே ஒருவர் மெல்லக் கிட்ட வந்து, மகள் அங்கே யாரோடு தங்கப் போகிறாள் என்று கேட்டார். பக்கத்தில் இடம் விட்டு அவரை இருத்தி, தர்ஷிகா சொன்னதை ஒன்றும் மறைக்காமல், சிரியாப் பிள்ளையிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.