மடிப்பு அக்கா சரிந்த நாள்

ஊரார் ரத்தத்தையெல்லாம் இருபத்திரண்டு வருஷமாகத் துவைத்துக் கொடுத்தவள், தன் ரத்தத்தை மட்டும் ஒளித்து ஒளித்துத் துவைத்தாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் தரைக்குக் கீழ்த் தளத்தில், ஜன்னலே இல்லாத நீளக் கூடத்தில் இருந்தது சலவைப் பிரிவு. அங்கே அவளுக்கு மடிப்பு அக்கா என்று பெயர். ஆபரேஷன் தியேட்டருக்குப் போகும் பச்சைத் துணிகளை அவள் மடித்தால் ஓரம் கத்தி மாதிரி நிற்கும். நர்ஸ்கள் ஒரே இழுப்பில் பிரித்து விரித்துவிடலாம். அந்தப் பெருமை ஒன்றுதான் அவளிடம் மிச்சம். மற்றபடி, நாற்பத்தாறு வயதுக்குள் ஓடாய்த் தேய்ந்து போயிருந்தாள்.

இரண்டு வருஷமாக உதிரப்போக்கு. முதலில் மாதத்தில் பத்து நாள், அப்புறம் பதினைந்து. படி ஏறினால் மூச்சு வாங்கும். குனிந்து நிமிர்ந்தால் கண் இருட்டும். பொறுக்க முடியாமல் ஒருநாள் மேலே பெண்கள் பிரிவுக்குப் போனாள். டாக்டரம்மா ஸ்கேனைப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்.

"கர்ப்பப்பையில மூணு கட்டி இருக்கும்மா. எடுத்துடலாம். வயித்தைக் கிழிக்க வேண்டாம், நாலு சின்ன ஓட்டை போதும். ரெண்டு நாள்ல வீட்டுக்குப் போயிடலாம். அதுவரைக்கும் ரத்தம் நிக்க மாத்திரை தர்றேன். ஒரு மாசத்துக்கு மட்டும்தான், உங்களுக்கு பிரஷர் வேற இருக்கு."

அவள் தலையை ஆட்டினாள். ஆனால் நம்பவில்லை. கூடப் பிறந்த அக்காவுக்கு வயிற்றை நீளமாகக் கிழித்துத்தான் எடுத்தார்கள். மூன்று மாதம் படுக்கை. அந்த மூன்று மாதமும் அத்தான் பேசிய பேச்சு இருக்கிறதே! "பொண்டாட்டியாவும் இல்ல, வேலைக்காரியாவும் இல்ல, எதுக்குடி நீ?" என்று ஒருநாள் கேட்டாராம். தையல் காய்ந்துவிட்டது. அந்தக் கேள்வி இன்னும் காயவில்லை.

தன் கணவன் அப்படிப்பட்டவன் இல்லை என்று அவளுக்குத் தெரியும். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன், அதிர்ந்து பேசாதவன். ஆனால் வீட்டில் எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாதவன். மகளுக்குத் துணிக்கடை வேலை, நாளெல்லாம் நின்ற காலோடு வருவாள். தான் படுத்தால் அடுப்பும் படுத்துவிடும் என்று மடிப்பு அக்கா முடிவு கட்டிவிட்டாள். ஒரு மாத மாத்திரையை மருந்துக் கடையில் கேட்டுக் கேட்டு வாங்கிப் பதினோரு மாதம் விழுங்கினாள்.

மூன்றாம் நம்பர் தியேட்டரிலிருந்து இறங்கி வரும் துணிகளில் கறையே இருக்காது. ஓரிரண்டு பொட்டு, அவ்வளவுதான்.

"இந்த மூணாம் நம்பர்ல நிஜமா ஆபரேஷன் பண்றாங்களா, இல்ல கதை பேசி அனுப்பறாங்களா?" என்பாள் குருவி. துணியின் மறுமுனையைப் பிடிக்கும் ஜோடிக்காரி, வாய் மூடாதவள்.

"எதா இருந்தா நமக்கென்னடி. துவைக்க லேசா இருக்கு" என்பாள் அக்கா. சின்ன ஓட்டை போட்டுச் செய்யும் ஆபரேஷன்கள் எல்லாம் அங்கேதான் நடக்கின்றன என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை.

அவளுடைய விஷயம் குருவிக்கு மட்டும் தெரியும். "என் மேல சத்தியம், மூச்சு விடாதே" என்று கையில் அடித்து வாங்கியிருந்தாள். மற்றவர்களுக்கு மயக்கம் என்ற அளவில் தெரியும். "அக்கா சரிஞ்சிட்டா" என்று ஒருத்தி முணுமுணுத்தால் போதும். சலவைத் துணி மூட்டைகளுக்குப் பின்னால் அவளைப் படுக்கவைத்து, சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, சூப்பர்வைசர் கேட்டால் வார்டுக்குப் போயிருக்கிறாள் என்று காதும் காதும் வைத்தாற்போல் சமாளித்துவிடுவார்கள். அரை மணி நேரத்தில் எழுந்து வந்துவிடுவாள். அது அந்தக் கூடத்தின் அன்பு.

அந்த அன்புதான் அன்றைக்கு அவளைக் கொல்லப் பார்த்தது.

காலை பத்து மணி இருக்கும். பெரிய விரிப்பை ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து உதறினார்கள். அக்காவின் வலது கையிலிருந்து முனை நழுவியது. எடுத்துக் கொடுத்தாள் குருவி. மறுபடி நழுவியது.

"என்னக்கா, கையில பிடிப்பே இல்ல? காலையில மாமா எதுவும் கொஞ்சிட்டாரா?"

அக்கா திட்ட வாயெடுத்தாள். வார்த்தை வரவில்லை. நாக்கு யாருடையதோ போல வாய்க்குள் கிடந்தது. கால் மடங்கியது.

"அக்கா சரிஞ்சிட்டா!"

வழக்கம்போலத் தூக்கினார்கள், வழக்கம்போலப் படுக்கவைத்தார்கள். சர்க்கரைத் தண்ணீரை வாயில் ஊற்றினாள் ஒருத்தி. அது கடைவாய் வழியாக வழிந்து கழுத்தில் இறங்கியதை அக்கா உணர்ந்தாள். துடைக்க வேண்டும் என்று நினைத்தாள். கை வரவில்லை. 'இது வேற, இது எப்பவும் வர்ற மயக்கம் இல்லடி' என்று உள்ளுக்குள் கத்தினாள். வெளியே வந்தது வெறும் முனகல்.

"தூங்கட்டும் பாவம்" என்று விலகினார்கள். இயந்திரங்கள் ஓடின. தலைக்கு மேல் வேலை கிடந்தது.

நாற்பது நிமிஷம் கழித்து எட்டிப் பார்த்த குருவி அப்படியே நின்றாள். உதிரப்போக்கு நாட்களில் அக்கா இரண்டு கையாலும் வயிற்றை அழுத்திக்கொண்டுதான் படுப்பாள். இன்றைக்கு வயிற்றின் மேல் இடது கை மட்டும் இருந்தது. வலது கை, உடம்புக்குச் சம்பந்தமில்லாத துணிபோலத் தரையில் கிடந்தது.

போன மாதம் மேலே பக்கவாதம் பற்றி ஒரு கூட்டம். ஆள் சேரவில்லை என்று சலவைக்காரிகளை நாற்காலி நிரப்ப அனுப்பினார்கள். ஒரு நர்ஸ் எல்லோரையும் சிரிக்கச் சொன்னார், இரண்டு கையையும் தூக்கச் சொன்னார், ஒரு வாக்கியம் பேசச் சொன்னார். குருவி விழுந்து விழுந்து சிரித்து, வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

"அக்கா, சிரி" என்றாள் இப்போது. "எனக்காக ஒரே ஒரு தடவை சிரிக்கா."

அக்கா சிரித்தாள். முகத்தில் பாதிதான் சிரித்தது.

குருவி போட்ட கூச்சலில் கூடமே திரண்டது. ஸ்ட்ரெச்சருக்குக் காத்திருக்கவில்லை. துணி தள்ளும் வண்டியைக் கவிழ்த்துக் காலிசெய்து, அக்காவை அதில் கிடத்தி, துணி லிஃப்டில் ஏற்றினார்கள். "ஆள் ஏறக்கூடாது!" என்று ஓடிவந்த சூப்பர்வைசர், வண்டிக்குள் இருந்த முகத்தைப் பார்த்ததும் தானே பொத்தானை அழுத்தினார்.

அவசரப் பிரிவில் இளம் டாக்டர் ஒருவர் குனிந்தார். "கடைசியா எப்ப நல்லா இருந்தாங்க? சரியான நேரம் வேணும். அதை வச்சுத்தான் மூளையில உறைஞ்ச ரத்தத்தைக் கரைக்கிற மருந்து போடலாமா வேண்டாமான்னு பார்க்கணும்."

"இப்பதான் சார். அஞ்சு நிமிஷம் முன்னாடி வார்டுல துணி கொடுத்துட்டிருந்தாங்க" என்றார் சூப்பர்வைசர். அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது அதுதான்.

"இல்ல!" குருவி தலையிலடித்துக்கொண்டாள். "பொய் சார். நாங்கதான் சொன்னோம். பத்து மணிக்கு என் கண்ணு முன்னாடி கை நழுவுச்சு. மயக்கம்னு படுக்கவச்சு, வாயில தண்ணி வேற ஊத்தினோம்."

"பேச்சு குழறுறவங்களுக்குத் தண்ணி கொடுக்கவே கூடாதும்மா. வேற ஏதாவது வியாதி, மருந்து?"

குருவி அக்காவைப் பார்த்தாள். வேண்டாம் என்று தலையசைக்கக்கூட அக்காவால் முடியவில்லை. கண்ணால் கெஞ்சினாள். 'சத்தியம் பண்ணியிருக்கேடி.'

"மன்னிச்சுடுக்கா" என்றாள் குருவி. பிறகு எல்லாவற்றையும் கொட்டினாள். கட்டி, உதிரப்போக்கு, பிரஷர், பதினோரு மாத மாத்திரை. இரண்டு வருஷம் பொத்திப் பொத்தி வைத்த மானம், நான்கு அந்நியர்கள் நடுவில் அரை நிமிஷத்தில் அவிழ்ந்தது. அக்காவின் ஒரு கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அது வெட்கமா நன்றியா என்று அவளுக்கே தெரியவில்லை.

ஸ்கேன் எடுத்தார்கள். மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் ஒன்று அடைத்திருந்தது. அந்த மாத்திரையும் பிரஷரும் சேர்ந்து செய்த வேலையாக இருக்கலாம் என்றார்கள். ரத்தப்போக்கு அதிகமாகலாம் என்று பயந்து, டாக்டரம்மாவையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு மருந்தை ஏற்றினார்கள். நேரம் தப்பவில்லை.

பேச்சு மூன்றாம் நாள் திரும்பியது. கை திரும்ப மாதங்கள் ஆயின. விரல்களில் இன்னும் ஒரு மந்தம் இருக்கிறது. ஆபரேஷன் வரை கட்டி சுருங்க ஊசி, ரத்தம் ஊற மருந்து, தினமும் பந்து அழுத்தும் பயிற்சி என்று நாட்கள் நத்தையாய் நகர்ந்தன. ஏழாம் மாதம் மூன்றாம் நம்பர் தியேட்டரில் அவளைப் படுக்கவைத்தார்கள்.

மறுநாள் கணவன் கட்டிலருகே உட்கார்ந்து, போர்வையை லேசாக விலக்கிப் பார்த்தான். வயிற்றில் நான்கு சின்ன பிளாஸ்திரிகள்.

"இவ்ளோதானா?" என்றான். "இதுக்காடி ரெண்டு வருஷம் எங்கிட்ட மறைச்சே? நான் என்ன உங்க அத்தானா?"

"இல்லங்க." அவளுக்கு வார்த்தைகள் இப்போதும் மெதுவாகத்தான் வந்தன. "நான் படுத்தா வீடு என்ன ஆகும்னு பயந்தேன்."

"ஏழு மாசமா வீடு நின்னா போச்சு? நாலு தடவை பாத்திரத்தைக் கருக்கினேன், உன் பொண்ணு நாலாயிரம் தடவை திட்டினா. பட்டினி கிடந்தோமா என்ன?"

நர்ஸ் உள்ளே வந்தார். "அம்மா, எழுந்து நாலு அடி நடக்கணுமே."

"நடக்கிறேன் சிஸ்டர்" என்றாள் அவள். "பத்து நிமிஷம் கொடுங்க. ரொம்பக் களைப்பா இருக்கு."

களைப்பாக இருக்கிறது என்று அவள் வாய்விட்டுச் சொல்லி அவன் கேட்டது அதுதான் முதல் தடவை. நாற்காலியை நகர்த்திப்போட்டு, ஜன்னல் வெளிச்சம் அவள் கண்ணில் படாதபடி மறைத்து உட்கார்ந்துகொண்டான்.