ஆற்றுவாயில் நின்ற கப்பல்

மதியச் சாப்பாட்டு மணி அடித்து, பெண்பிள்ளைகள் தூக்குச்சட்டிகளோடு மரத்தடிக்குப் போய்க்கொண்டிருந்தபோது பள்ளிக்கூட ஆயா வகுப்பு வாசலில் வந்து நின்றார். "டீச்சர், உங்க பக்கத்து வூட்டு சபியா லாத்தா மவுத்தாயிட்டாங்களாம். காலையில கஞ்சி குடிச்சிட்டுச் சாஞ்சவங்க எழுந்திருக்கவே இல்லியாம்" என்றார். கையிலிருந்த சாக்கட்டியைப் பெட்டியில் வைத்தேன். பெட்டியை மூடினேன்.

அன்று மாலையே அடக்கம். சைகோனில் கடை வைத்திருக்கும் அவருடைய கணவருக்குத் தந்தி போயிருந்தது. அது கிடைத்து அவர் கப்பல் ஏறுவதற்குள் இங்கே எல்லாம் முடிந்துவிடும் என்று எல்லோருக்கும் தெரியும். நான் போனபோது முகம் பார்க்க விட்டார்கள். ஒரு பாட்டை மனத்துக்குள் ஓட்டிப் பார்க்கும்போது அவர் கண்களை மூடிக்கொள்வார். அதே முகம்தான். உதடுகள் மட்டும் அசையவில்லை.

காரைக்காலிலும் திருமலைராயன்பட்டினத்திலும் கல்யாண வீடுகளில் அவர் பாடிக் கேட்ட பெண்களுக்காக இதை எழுதுகிறேன். அவருடைய குரலை என்னைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள். அந்தக் குரல் வீட்டுக்குத் திரும்பிய பிறகு எப்படி இருந்தது என்பதை, கொல்லைச் சுவருக்கு இந்தப் பக்கம் குடியிருந்தவள் என்ற முறையில், நான் கொஞ்சம் அறிவேன்.

பிரெஞ்சுக் கொடி இறங்கிய அடுத்த வருடம் நான் அந்த வீட்டுக்கு வாடகைக்கு வந்தேன். வந்த மறுநாள் மாலை, துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது சுவருக்கு அப்பாலிருந்து ஒரு குரல் கேட்டது. ஆளைப் பார்க்க முடியவில்லை.

"புதுசா வந்திருக்கிற டீச்சரா? கடக்கரைக்குப் போனீங்களா தங்கச்சி?"

"போனேங்க."

"தண்ணி என்ன நெறத்துல இருந்துச்சு?"

"நீலமாத்தான்."

"எல்லாரும் நீலம்னுதான் சொல்றாங்க. இன்னொரு தடவ சரியாப் பாத்துட்டு வந்து சொல்லுங்க."

யார் என்று தெரியாத ஒருவருக்காக நான் மறுநாளும் கடற்கரைக்குப் போனேன். கரையோரத்தில் கடல் பால் அதிகமாகிப்போன தேநீர் போல இருந்தது. அதைத் தாண்டிப் பச்சை. அதற்கும் அப்பால் நிறமே இல்லை, வெறும் வெளிச்சம். வந்து சுவரோரம் நின்று அப்படியே சொன்னேன். அந்தப் பக்கத்தில் ஏதோ ஒரு பாட்டை முனகிப் பார்க்கும் சத்தம் கேட்டது. பிறகு, "ம், இப்ப கப்பல் நகரும்" என்றது குரல்.

எந்தக் கப்பல் என்பதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வேறு ஊரில் இதைப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். நாங்கள் லாத்தா, அதாவது அக்கா, என்று அழைத்த சபியா பாட்டுக் கட்டுகிறவர். எழுதிவைக்க மாட்டார், எல்லாம் மனத்திலேயே. கல்யாண வீடுகளில் வழக்கமான பாட்டுகளெல்லாம் முடிந்த பிறகு, தாம் கட்டிக்கொண்டிருந்த கப்பல் பாட்டில் புதிதாகச் சேர்ந்த பகுதியைப் பாடுவார். புதுச்சேரியில் புறப்பட்டுச் சைகோன் வரை போகும் கப்பல் அது. பாட்டில் பயணம் போகிறவள் ஒரு பெண். லாத்தா எந்தக் கப்பலிலும் கால் வைத்ததில்லை. கடலையே சின்ன வயதில் பார்த்ததுதான். கணவர் விடுமுறையில் வரும்போது சொன்னதையும், ஊர் திரும்பியவர்கள் சொன்னதையும் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, ஒவ்வொரு துறைமுகமாகப் போய்க்கொண்டிருந்தார். கொழும்பில் ஏலக்காய் மணம் கப்பலுக்குள் வருவதை அவர் பாடிய மாலையில், எங்கள் கொல்லையில் நிஜமாகவே ஏலக்காய் மணந்தது என்று நான் சொன்னால் நீங்கள் சிரிக்க மாட்டீர்கள்.

அவருக்கு இதயத்தில் பழைய கோளாறு. உடம்பை அலட்டிக்கொள்ளக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்தப் பாட்டுச் சைகோன் போய்ச் சேர வேண்டும் என்பதைத் தவிர அவர் எதையும் பெரிதாக விரும்பி நான் பார்த்ததில்லை. உடம்பு அதுவரை தாங்குமா என்பதுதான் அந்த வீட்டில் எல்லோருக்கும் உள்ளூர இருந்த கவலை. அவருடைய மாமியார் பாத்திமுத்து மாமி மட்டும் அதை வாய்விட்டுச் சொல்வார். "கப்பலுக்குக் கரி போடுற மாதிரி ஒடம்ப அள்ளிப் போடுறா. கரி தீந்தா நடுக்கடல்லதான் நிக்கணும், வேறென்ன" என்பார்.

ஒரு ரமலான் மாலை நினைவுக்கு வருகிறது. நோன்புக் கஞ்சி வாங்கிப் போக என்னை மாமி அழைத்திருந்தார். பாங்கு சொல்லி முடிந்தது. எல்லோரும் பேரீச்சம்பழத்தைக் கையில் எடுத்துவிட்டார்கள். மாடியிலிருந்து லாத்தா இறங்கவில்லை. மாமி என்னை அனுப்பினார். மேலே, அரையிருட்டில், சுவரில் சாய்ந்தபடி அவர் பாட்டை முனகிக்கொண்டிருந்தார். "ஒரே ஒரு அடிதான் தங்கச்சி. ஒட்டிக்கிச்சுன்னா வந்துர்றேன்." அடி ஒட்டியது. எழுந்தவர் இரண்டாவது படியிலேயே துவண்டு உட்கார்ந்துவிட்டார். நானும் மாமியும் தாங்கிக் கீழே கொண்டுவந்தோம்.

தண்ணீர் புகட்டியபடியே மாமி திட்டினார். "டாக்டர் சொல்லியும் கேக்காம நோன்பு வச்ச. சரி. தொறக்குற நேரத்துக்குத் தொறக்க வேணாமா? நேரம் தாண்டிக் கெடந்தா அது நோன்பு இல்ல புள்ள, வெறும் பட்டினி. அதுக்குன்னு தனியா நன்மை எழுதுவாங்கன்னு நெனச்சியா?"

இரண்டொரு நாள் கழித்துச் சுவருக்கு அப்பாலிருந்து லாத்தா சொன்னார். "மாமி திட்டுனது பாட்டுக்கும் சேத்துத்தான். இனிமே அஸர் தொழுதுட்டு ஒக்காருவேன். மஃரிப் பாங்கு கேட்டா எந்திரிச்சிடுவேன். அடி ஒட்டினாலும் சரி, ஒட்டாட்டியும் சரி." கொஞ்சம் நிறுத்தி, "நீங்களும் நேரத்துக்குத் தொறங்க. உங்க வெளக்கு அணையுறதே இல்லியே" என்றார். நான் கதை எழுதுவதை அவரிடம் சொன்னதில்லை. எப்படியோ தெரிந்திருந்தது.

அதன் பிறகு கப்பல் நன்றாகவே போயிற்று. அஸர் முடிந்து, மாலை வெயில் கொல்லையில் நீண்டு கிடக்கும்போது அவருடைய முனகல் ஆரம்பிக்கும். பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு எழும்போது பாதி அடியில் நின்றுவிடும். அந்தப் பாதி அடி இரவெல்லாம் என் காதில் ஆடிக்கொண்டிருக்கும். மறுநாள் அதன் மறுபாதி வரும். சிங்கப்பூர் தாண்டியது. அடுத்தது சைகோன்தான்.

அந்தச் சமயத்தில்தான் லூர்தம்மாள் ஊருக்குத் திரும்பினார். கணவர் பிரெஞ்சுப் படையில் இருந்தவர். சைகோனில் பல வருடம் குடும்பம் நடத்தியவர்கள். லாத்தா அவரை வரவழைத்துக் கேட்காத கேள்வி இல்லை. கடலிலிருந்து நேரே சைகோன் போய்விட முடியாது, ஒரு பெரிய ஆற்றுக்குள் புகுந்து வளைந்து வளைந்து போக வேண்டும் என்று அவர்தான் சொன்னார். தண்ணீர் அங்கே நிறம் மாறும் என்றார். நானும் உடனிருந்தேன். லாத்தாவுக்கு முகமெல்லாம் வெளிச்சம். அந்த வாரமே கட்டினார்:

நீலம் போயி பச்சை வந்தா நெஞ்சு கொஞ்சம் ஆறுதம்மா,
பச்சை போயி மஞ்சள் வந்தா பக்கத்துல ஊருதாம்மா.

அத்தோடு கப்பல் நின்றுவிட்டது. ஒரு வருடத்துக்கும் மேல் அது ஆற்றுவாயிலேயே நின்றது.

உங்களில் எத்தனை பேர் அவரைக் கேலி செய்திருப்பீர்கள்! "லாத்தா, கப்பல் இன்னும் அங்கேயேதான் நிக்குதா? நங்கூரம் துருப்புடிச்சிடப் போவுது." "காப்டனு தூங்கிட்டாரா லாத்தா?" அவரும் சிரித்துக்கொண்டே, "கல்யாணமா வச்சுத் தள்ளுறீங்க. எனக்கு நேரம் எங்க இருக்கு?" என்பார். உண்மைதான், அவருக்கு நேரமே இருக்கவில்லை. எந்த அழைப்பையும் மறுக்கவில்லை. பெயர் வைக்கும் வீடு, சுன்னத்து வீடு, பெண் பார்க்க வந்த வீடு, எல்லாவற்றுக்கும் போனார். பாட வேண்டாத இடங்களிலும் பாடினார். ஊறுகாய் போடப் போன வீட்டில்கூட மாங்காய்க்கு ஒரு பாட்டுக் கட்டிவிட்டு வந்தார். குரல் கம்மி, உதடு வெளுத்து வண்டியிலிருந்து இறங்குவார். அஸருக்குப் பிறகு உட்காரும் வழக்கமெல்லாம் போய்விட்டது.

நான் ஊரைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு ஓர் ஐப்பசி வந்தது. அடைமழை. அரசலாறு கரை தளும்பியது. தெருவில் வண்டி ஓடவில்லை. எந்த வீட்டிலிருந்தும் ஆள் வரவில்லை. இப்போதாவது உட்காருவார் என்று நினைத்தேன். ஒரு பகல், சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு லாத்தா என் கொல்லைக் கதவைத் தட்டினார்.

"தங்கச்சி, உங்க பள்ளிக்கூடத்துல ஏதும் விழா வருதா? பாட்டு கீட்டு வேணும்னா கட்டித் தர்றேன்."

"இந்த மழையிலயா லாத்தா இதக் கேக்க வந்தீங்க?"

அவர் தாழ்வாரத்தில் உட்கார்ந்தார். சாக்கிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. மழை முற்றத்தை ஒரு குளமாக்கியிருந்தது. அந்தக் குளத்தில் வீடு முழுவதும் தலைகீழாக மிதந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே பேசினார், யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்வது போல.

"அந்த அடி கட்டுனப்புறம் லூர்தம்மா இன்னொரு நாள் வந்தாங்க, நீங்க இல்ல. எல்லாம் சொன்னாங்க. மார்க்கெட்டு, ஆறு, மச்சான் கட இருக்குற வீதி. கடைக்கு மேல வூடுன்னாங்க. மாடியில ஜாதிமல்லிக் கொடி தொங்கும்னாங்க. மச்சான் வூட்டுல ஜாதிக்கொடி யாரு வச்சான்னு கேட்டேன். பேச்ச நிறுத்திட்டாங்க. அவங்க நிறுத்துன எடத்துலதான் என் கப்பலும் நின்னுச்சு."

அவருடைய கணவருக்கு அங்கே இன்னொரு குடும்பம் இருந்தது. இதை நான் வெளியிடுவதாக யாரும் எண்ண வேண்டாம். பின்னால் அவரே உங்கள் நடுவில் உட்கார்ந்து பாடிவிட்ட விஷயம் இது.

"கல்யாண வூட்டுக்காரங்க என்ன விட மாட்டேங்குறாங்கன்னு நெனச்சேன். இன்னிக்கு யாரும் கூப்புடல. எனக்கு வூட்டுல இருக்க முடியல. பயந்துகிட்டுக் கெடந்திருக்கேன் தங்கச்சி. அதுக்குப் பேரு வேலைன்னு சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன்."

நான் ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தேன். தலையைத் துவட்டிக்கொண்டு மழை விடும்வரை அங்கேயே இருந்தார்.

மழைக்காலம் முடிந்து அழைப்புகள் மறுபடி வந்தன. இந்த முறை மாமி வாசலில் உட்கார்ந்துகொண்டார். மருமகள் எதையும் விளக்கினாரா என்பது எனக்குத் தெரியாது. ஆனால் மாமி கூசாமல் சமாளித்தார். "தொண்ட கட்டியிருக்கு" என்று ஒரு வீட்டாருக்கு. "வூட்டுலதான் இருக்கா, ஆனா இல்ல" என்று இன்னொரு வீட்டாருக்கு. மாடியில் லாத்தா முதலில் பல நாட்கள் தூங்கினார். அஸர் தொழுததும் படுத்து, பாங்குச் சத்தத்தில் விழிப்பார். "பாட்டு?" என்று நான் கேட்டால், "கனவுல தண்ணி வருது. வரட்டும், கூப்புடாம வரட்டும்" என்பார். தை மாதத்தில் ஒரு மாலை, சுவருக்கு அப்பால் முனகல் கேட்டது. நான் துணி எடுப்பதை நிறுத்திவிட்டு அப்படியே நின்றேன். மஞ்சள் ஆறு வளைந்துகொண்டிருந்தது.

திருமலைராயன்பட்டினத்துக் கல்யாணத்தில் அவர் பாடியது உங்களுக்கு மறந்திருக்காது. நானும் வந்திருந்தேன். கப்பல் ஆற்றுக்குள் புகுந்ததும் நீங்கள் குலவையிட்டீர்கள். துறைமுகம் வந்தது, கடைவீதி வந்தது, ஜாதிக்கொடி தொங்கும் மாடி வந்தது. படிப்படியாகச் சத்தம் அடங்கியது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மாமி வெற்றிலை மெல்லுவதை நிறுத்தியிருந்தார்.

கதவத் தட்டக் கை எடுத்தேன், கை எறக்காம நின்னேன்மா,
இடுப்புல ஒரு புள்ளையோட எதிர வந்து நின்னாம்மா.

அங்கே நிறுத்தினார். அடுத்த அடி வரும் என்று எல்லோரும் காத்திருந்தோம். வரவில்லை. மணப்பெண்ணின் வளையல் ஒலி கேட்டது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. மாமிதான் எழுந்தார். மருமகளின் கையைப் பிடித்து, "பாடி முடிச்சாச்சுல்ல? வா, சோறு ஆறுது" என்றார். அவருடைய மகனைப் பற்றிய பாட்டு அது. மருமகள் சாப்பிட்டு முடியும்வரை மாமி அந்தக் கையை விடவில்லை.

மறுநாள் சுவரோரம் என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "லாத்தா, கதவத் தொறந்தவ என்ன சொன்னா?"

"அது எனக்கெப்படித் தெரியும்? அது அவ பாட்டு. அத அவதான் கட்டணும்."

"உங்களுக்கு உள்ளே வேற அடி ஏதும் வரலியா?"

"வந்துச்சு. அவ அழுவுற மாதிரி ஒண்ணு. என்னத் திட்டுற மாதிரி ஒண்ணு. மச்சான் வந்து கால்ல வுழுவுற மாதிரிகூட ஒண்ணு" என்று சிரித்தார். "எல்லாத்தையும் தூக்கிக்கிட்டு இருந்தா எனக்கு மூச்சு காணாது தங்கச்சி. என் தொண்ட என் பாட்டுக்கு மட்டுந்தான் காணும். இப்ப உள்ள காலியா இருக்கு. நல்லா இருக்கு."

அதற்குப் பிறகு வாழ்ந்த மாதங்களில் அவர் பெரிதாக எதையும் கட்டவில்லை. மாலையில் மாடியில் வெறுமனே உட்கார்ந்திருப்பார். காற்று அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் வரும். ஒரு வருத்தமும் இல்லாத மௌனம் அது. உடம்பு முந்திக்கொண்டுவிட்டது என்று அடக்கத்தன்று யாரோ சொன்னார்கள். அப்படியில்லை. கப்பல் போய்ச் சேர்ந்திருந்தது.

பாட்டு உங்களிடம் இருக்கிறது. கொழும்பு ஒருவருக்கு, சிங்கப்பூர் ஒருவருக்கு என்று ஆளுக்கொரு பகுதி நினைவிருக்கும். சேர்த்துப் பாடினால் அது முழுமையாகிவிடும். எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது, கதவைத் திறந்தவளுக்கு அவர் கட்டாமல் விட்ட அந்த அடிதான். எழுத உட்காரும்போது அதுதான் முதலில் வருகிறது. எது என்னுடையது, எதைப் பிறர் பாடுவதற்கு விட்டுவிட வேண்டும் என்று அது ஒவ்வொரு முறையும் கேட்கிறது. நான் பதில் சொன்ன பிறகே எழுதத் தொடங்குகிறேன்.