சிப்பாயின் கயிறு

யுத்த காலத்தில் சிங்கவரத்துக் கடலைக் கொல்லைக்குக் காவலிருந்த யாகப்பனுக்கு யார் பேச்சும் காதில் ஏறாது. அவர் வளர்த்த சிப்பாய் என்ற இளநாய்க்குப் பின்னங்கால்கள் தளர்ந்துபோய், வலியில் ஓயாமல் முனகியது. செஞ்சி மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டர் அபின் கலந்த மருந்து கொடுத்தார்.

"வலி அடங்கும். கால் தேறிடுச்சின்னு நெனச்சிடாத. கட்டியே வை."

மருந்து இறங்கியதும் நாய் எழுந்து வாலாட்டியது.

"அந்தோணியார் கண்ணத் தொறந்துட்டாரு!"

யாகப்பன் கயிற்றை அவிழ்த்தார். காவலை நாயிடம் விட்டுவிட்டு, மெழுகுவத்தி கொளுத்தக் கோயிலுக்குப் போனார்.

கொல்லையில் பன்றி புகுந்தது. சிப்பாய் பாய்ந்து துரத்தியது.

அவர் திரும்பியபோது, பின்னுடலை மண்ணில் இழுத்துக்கொண்டே அது அவரை வரவேற்க வந்தது. மீதி மருந்தை ஊட்டினார். பிறகு, இனி எங்கும் ஓட முடியாத அந்த நாயை, கம்பவுண்டர் சொன்னபடியே கட்டிப்போட்டார்.