என்னையும் எடுங்க சார்

இன்று மாலை தாம்பரம் பஸ் ஸ்டாப்பில் நின்றபடி ஒரு நாவல் படித்துக்கொண்டிருந்தேன். அமெரிக்காவில் கறுப்பினப் பையன்களைப் போலீஸ் அடிப்பதை எதிர்த்துப் பள்ளிப் பிள்ளைகள் தெருவில் இறங்கும் கதை. "அதெல்லாம் அந்த ஊர் விஷயம்மா" என்று காலையில்தான் அப்பா சொன்னார்.

பக்கத்தில் ஜெபா. என் வகுப்புதான், என் ஊர்தான்.

ஒரு போலீஸ்காரர் நேராக அவனிடம் வந்தார்.

"எந்த ஏரியாடா?"

"ஊரப்பாக்கம் சார்."

"ஊரப்பாக்கத்துல எங்க?"

ஜெபா தன் காலனியின் பெயரைச் சொன்னான். உடனே அவர் படம் எடுக்கப் போனைத் தூக்கினார்.

"மூஞ்சிய நேரா காட்டு. திருட்டுப் பசங்க லிஸ்ட்ல இருக்கியானு பாக்கணும்."

"நானும் ஊரப்பாக்கம்தான் சார். என்னையும் எடுங்க" என்று அவனை ஒட்டி நின்றேன்.

"உன்னை யாரு கேட்டா? தள்ளும்மா."

நான் தள்ளவில்லை. அங்கே பூ விற்கும் அக்கா கூடையை இறக்கிவிட்டு வந்து எங்களோடு நின்றார்.

"என்னையும் எடு சார். நானும் அந்தக் காலனிலதான் கீறேன்."

பஸ்ஸுக்குக் காத்திருந்த இன்னும் நான்கு பேர் வந்து சேர்ந்தார்கள். ஒருவர் சீப்பை எடுத்துத் தலைகூடச் சீவிக்கொண்டார்.

போலீஸ்காரர் போனைப் பைக்குள் போட்டார். "பஸ் வந்தா ஏறிப் போங்க" என்று நகர்ந்துவிட்டார்.

ஜெபா தன் போனை என்னிடம் நீட்டினான். எல்லோரும் சேர்ந்து நின்ற செல்ஃபியை நான்தான் எடுத்தேன்.

உங்கள் பஸ் ஸ்டாப்பில் யாரை மட்டும் நிறுத்துகிறார்கள்? சொல்லுங்கள்.

படம் கீழே. ஏழு மூஞ்சியும் நேராகத்தான் இருக்கிறது. லிஸ்ட்டுக்கு வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள் சார்.